ஒன்றரை இஞ்ச் குழாய்

"பொண்ணு போய் ரெண்டு மாசம் ஆகலை. அதுக்குள்ள கடல் மீன் வளர்க்கறாங்களாம்!"

"ஆமாமா, அவங்க துக்கம் அவ்வளவுதான்."

கச்சிபௌலி அபார்ட்மென்ட் லிப்டில் பின்னால் நின்ற இரண்டு பெண்களின் பேச்சு வெங்கடகிருஷ்ணன் காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அவருடைய பக்கத்து வீட்டு ஷ்யாமைத்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சாந்தா பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க. நாள் முழுக்கக் கொர்ருனு ஒரே இரைச்சல். ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில ஊருக்கெல்லாம் பம்ப் டிசைன் பண்றீங்க, பக்கத்து வீட்டுப் பம்பை அடக்க முடியலையா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரைச்சலை வைத்தே தண்ணீர் இறங்கும் குழாய் சின்னது என்று கணித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை இஞ்ச் குழாய் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் ஷ்யாம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த ஷ்யாம் உதட்டில் விரல் வைத்தான்.

ஹாலில் நீல வெளிச்சத்தோடு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே பவளங்கள் பூப்பூவாய் அசைந்தன. கீழே அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. அதில் வடிகிற தண்ணீரைப் பம்ப் மறுபடி மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெறும் தரையில் ஷ்யாமின் மனைவி ப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெங்கடகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்ன தம்பி இது? முன்னூறு லிட்டர் தொட்டி. மணிக்கு அஞ்சு தடவை சுத்தினா போதும். ஏற வேண்டியது நாலடி, நடுவுல ரெண்டு வளைவு. எல்லாம் சேர்த்தாலும் ரெண்டாயிரம் லிட்டர் பம்ப் தாராளம். நீங்க நாலாயிரம் வெச்சிருக்கீங்க. இறங்கற குழாயோ ஒரு இஞ்ச். தண்ணி மூச்சுத் திணறுது பாருங்க..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஷ்யாமின் நாலு வயசுப் பெண் ஹம்ஸினி அப்படித்தான் போனாள்.

"கணக்கு தெரியும் சார்," ஷ்யாம் மெதுவாகச் சொன்னான். "அவளுக்குக் கடல் பார்க்கணும்னு ஆசை. ஆக்சிஜன் மெஷினை விட்டுட்டு எங்க கூட்டிட்டுப் போறது? கடலையே வீட்டுக்குக் கொண்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன். லேட்டாயிடுச்சு."

"சரிப்பா, அதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? இந்தக் குழாயைப் போட்டுப் பம்பையும் சின்னதாக்கிட்டா ஓடறதே தெரியாது."

"முதல்ல அப்படித்தான் சார் போட்டேன்." அவன் ப்ரியாவைப் பார்த்தான். "மூணு வருஷம் அந்த மெஷின் இதே இடத்துலதான் ஓடிச்சு. சத்தம் ஒரு நிமிஷம் நின்னாலும் இவ அலறிப் புடைச்சு எழுந்துடுவா, குழந்தைக்கு என்ன ஆச்சோன்னு. மெஷினைத் திருப்பிக் கொடுத்ததுலேர்ந்து வீடு நிசப்தமாயிடுச்சு. இவ தூங்கவே இல்லை. பெரிய பம்ப் மாத்தின அன்னிக்குத்தான் சார் கண்ணை மூடினா."

வெங்கடகிருஷ்ணன் குழாயை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"சரி பண்ணிட்டீங்களா?" என்றாள் சாந்தா.

அவர் பதில் சொல்வதற்குள் கரண்ட் போயிற்று. அந்த அபார்ட்மென்டில் ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டும்தான். சுவர் அடங்கியது.

"அப்பாடா, நின்னுது!"

வெங்கடகிருஷ்ணன் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்தார். தங்கள் இன்வெர்ட்டரிலிருந்து நீளமாக ஒயரை இழுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.