பன்னிரண்டு அடி ஏணி

மழை நின்றும் வெயில் வாராத கூதிர்ப் பருவம், துக்கம் விசாரிக்க வந்தவரைப்போல் ஊரெங்கும் வாய்திறவாது அமர்ந்திருந்தது. மருத்துவமனை அறையில் பெயிண்டர் கால் முறிந்து கிடந்தான். அவனுக்கென்று நறுக்கி வைத்த ஆப்பிளைத் தின்றபடியே, மேஸ்திரி அவன் மனைவியிடம் விசாரணைக்குக் கொடுக்க வேண்டிய வெற்றுத் தாளை நீட்டினார்.

"என் கையெழுத்து எனக்கே புரியாது, நீயே எழுதும்மா. ஏணியில பழுதில்ல, உன் புருஷன்தான் கவனமில்லாம விழுந்தான், நானே அளந்து பார்த்தேன்னு எழுது."

"உளுத்துப்போன ஏணின்னு இவர் சொன்னாரேண்ணே?"

"எழுதலேன்னா இவனுக்கு இனிமே வேலை இல்ல."

அவள் பேனாவை எடுத்தாள். "அளவு என்ன போட?"

"எதையாவது போடு. அதை யார் பார்க்கப் போறாங்க?"

அவள் எழுதியதை இருமுறை படித்து மகிழ்ந்து, பல் குத்திய ஈர விரல்களால் கையொப்பமிட்டு, அவர் தாளோடு போனார்.

"பழிய என் தலையில நீயே ஏத்திட்டியே!" என்று கணவன் கலங்கினான்.

"ஏணி பன்னெண்டு அடி, சாய்ச்சு வச்சதும் சுவத்துல பதிமூணு அடி உயரத்தைத் தொட்டுச்சுன்னு எழுதியிருக்கேங்க. செங்கோண முக்கோணத்துல கர்ணத்தைவிட எதிர்ப்பக்கம் நீளுமா? உயரத்தை ஏணி நீளத்தால வகுத்தா வர்ற சைன், ஒண்ணைத் தாண்டவே தாண்டாது. நாளைக்கு விசாரிக்க வர்ற இன்ஜினியர், 'எப்படிய்யா அளந்தே?'ன்னு கையெழுத்துப் போட்டவரைத்தான் கேப்பார்."

எச்சில் தட்டைக் கழுவிவிட்டுக் கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பின் சன்னலருகே நின்று, "இன்ஜினியர் கண்ணுல அது படணும், சாமி" என்று கண்மூடிக் கைகூப்பினாள்.

"நல்லா இரு, தாயி," என்றான் கணவன் அவளைப் பார்த்து. "நூறு வருஷம் நல்லா இரு."