எதிரொலிக்காரர்

மேடைக்குப் பின்னால் இருந்த கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, பாடகியின் கணவர் அதன் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

அவருடைய இடம் அதுதான். இசைக்குழுவில் எல்லோரும் அவரை எதிரொலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

முந்நூறு வருடத்துக்கு மேலான ஐரோப்பியப் பாட்டு. காட்டில் தனியாக நிற்கும் ஒருத்தி கேள்வி மேல் கேள்வி கேட்பாள். காடு அவளுடைய கடைசி மூன்று ஸ்வரங்களை மட்டும் திருப்பிச் சொல்லும். கேட்பவள், மேடையில் நிற்கும் மனைவி. காடு, கதவுக்குப் பின்னால் நிற்கும் கணவர்.

வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். "சாப்பிட்டாச்சா?" என்றால் "சாப்பிட்டாச்சு." இரண்டு வருடமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

இன்றோடு போதும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். குழுவும் வேண்டாம், அந்த வீடும் வேண்டாம். காலையிலேயே பெட்டியைக் கட்டித் தோழி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன், அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர். மறுவாரமே எதுவும் நடக்காதது போலப் பயிற்சிக்கு வந்து நின்றார். கல்லோடு எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்துவது?

ஸ்வரம் பிசகினால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பாடியவர் யாராக இருந்தாலும் சரி, தாளில் பென்சிலால் வட்டம் போட்டுவிடுவார்.

கூட்டத்தின் சூட்டில் சுருதி இறங்கிப்போயிருந்த ஆட்டுக்குடல் தந்திகளை முறுக்கிவிட்டு, பெரிய வியோலாவை வில்லால் வாசிப்பவர் மூச்சை இழுத்தார். கைகாட்டி நடத்த இந்தக் குழுவில் ஆள் கிடையாது. அந்த மூச்சில்தான் எல்லோரும் தொடங்குவார்கள்.

முதல் கேள்வி. மூன்று ஸ்வரங்கள் படியிறங்கின. கதவுக்குப் பின்னாலிருந்து அதே மூன்றும் அச்சுப் பிசகாமல் வந்தன.

இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவது கேள்வி, 'எங்கே போனாய்' என்பது.

காடு ஒரு மூச்சு தாமதித்தது. பிறகு இரண்டு ஸ்வரங்கள் இறங்கின. மூன்றாவது மேலே ஏறியது.

ஹார்ப்ஸிகார்ட் என்ற அந்தக் காலத்துப் பியானோவை வாசிப்பவளின் விரல் அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் பாட்டுத் தாளை மடியில் வைத்திருந்த பெரியவர் 'உச்' கொட்டினார்.

அந்தத் தப்பு யாருடையது என்று மேடையில் நின்று பாடியவளுக்குத் தெரியும்.

பயிற்சி நேரங்களில் ஹார்ப்ஸிகார்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவை முந்திக்கொண்டு எதிரொலி பாடும் ஒரு குரல் இருந்தது. நாலு வயதுக் குரல். மூன்றாவது ஸ்வரத்தில் எப்போதும் ஏறிவிடும்.

"இறங்கணும்டா கண்ணு, ஏறக்கூடாது."

எத்தனை தடவை சொல்லியிருப்பார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையிலும் அது ஏறித்தான் பாடியது.

அவள் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பாடினாள். இரண்டு ஸ்வரங்கள் இறங்கி, மூன்றாவதில், தாளில் இல்லாதபடி, மேலே ஏறினாள்.

எதிரொலி வரவில்லை.

அவள் தாளை மூடி வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பாட்டே அப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று கூட்டம் எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தத்தில், கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் அழுவது யாருக்கும் கேட்கவில்லை.