மூன்று கட்டங்கள்

கூடத்தில் இருந்தவர்கள்: அப்பா. அண்ணன். சமையலறை வாசலில் அம்மா. வெறுந்தரையில் அவள். அவள் மடியில் இன்னும் பெயர் வைக்காத பிள்ளை.

அப்பா ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அது முடியும்வரை அந்த வீட்டில் வேறு பேச்சுக் கூடாது. அவள் பிறப்பதற்கு முன்பே போட்ட சட்டம்.

கேட்க வேண்டியதை அவள் உள்ளே நுழையும்போதே கேட்டுவிட்டாள். தானே தேடிக்கொண்ட புருஷன் பிரசவ வார்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். இங்கே இருந்துகொள்ளலாமா?

"முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றார் அப்பா.

என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

புதிர் முடியாதவரை பதில் இல்லை. பதில் வராதவரை இந்தத் தரை இருக்கிறது.

பாதிக் கட்டங்கள் காலி. எல்லாம் ஒரு சொல்லில் தொங்கின.

அப்பா குறிப்பை உரக்கப் படித்தார். வேகாமல் இருப்பது. கையில் குத்திக்கொள்வது. நிறமும்கூட. மூன்று எழுத்து.

படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

நிறம் என்று கேட்டால் நிறத்தைத் தேடாதே என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"நீலம்" என்றாள்.

அண்ணன் சிரித்தான். "நீலத்த எவன்டி வேக வைப்பான்?"

அப்பா கையை உயர்த்தி அவனை அடக்கினார். பேனாவால் நீலம் என்று எழுதினார்.

அதன்பின் மேலிருந்து கீழ் எதுவும் பொருந்தவில்லை. அவர் அவசரப்படவில்லை. அவளும் அசையவில்லை.

பிள்ளை பால் குடித்தது. தூங்கியது. மறுபடி அழுதது.

அவளைச் சுற்றித் தரையில் ஈரம் படர்ந்தது. சிவப்பு.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, பச்சை உடம்புக்காரிங்க. ஒரு பாயாவது போடுறேன்."

அப்பா நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"எனக்குத் தெரியாதா? இவ வாயால வரட்டும்னு பாத்தேன்."

நீலத்தை அடித்தார். மூன்று கட்டங்களிலும் பச்சையை எழுதினார். மற்றவை மளமளவென்று விழுந்தன.

"முடியறதுக்குள்ள வாயத் தொறந்துட்டியே" என்றார், அம்மாவைப் பார்க்காமல்.

பேனாவை மூடினார். பேப்பரை மடித்தார்.

"ம். கெளம்பு."

அண்ணன் அவள் பையைத் தூக்கித் தெருவில் வைத்தான்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். தரையைத் துடைக்கத் துணி தேடினாள்.

"அத ஒங்கம்மா தொடச்சுக்குவா" என்றார் அப்பா.

அவள் போனாள்.

பிள்ளையைச் சுற்றியிருந்த துணி தரையில் கிடந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். செருப்புப் போடவில்லை. தெருமுனையில் பிடித்தாள். பிள்ளையின் தலையை மூடினாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தாள்.

படியில் கால் வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு, நிதானமாக, சாவி திரும்பியது.