ஒரு முழ உயரம்

நுனி நழுவிவிட்டது.

கொலுசுக்கான வெள்ளிச் சங்கிலி அது. மிளகைவிடச் சிறிய குண்டுகள் கோத்தது, நூறு மீட்டர், ஒரே துண்டு. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, போசிப் பாத்திரத்தோடு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காய வைத்திருந்தாள். நுனி வெளியே தொங்கியதை அவள் கவனிக்கவில்லை.

கீழே சாக்கடை.

பிடிக்க ஓடினாள். ஓடியவள் போசிக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டாள்.

சங்கிலி விளிம்பில் உரசிக்கொண்டு வழியவில்லை. போசியிலிருந்து எழுந்தது. ஒரு சாண் மேலே போய், வளைந்து, பிறகுதான் விழுந்தது.

விழுகிற ஒன்று எதற்காக முதலில் எழ வேண்டும்?

பதினாறு வருஷமாக இந்த வெள்ளியோடுதான் கிடக்கிறாள். வெட்டியிருக்கிறாள், பற்றவைத்திருக்கிறாள், கொக்கி மாட்டியிருக்கிறாள். இதற்கு இப்படியொரு குணம் இருப்பது தெரியாமலே இருந்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

முறத்தில் கம்பு புடைப்பது போல் சங்கிலியிலிருந்து சத்தம். சாண் முழமானது. காற்றில் ஒரு வெள்ளி வளைவு, யாரும் பிடிக்காமல், அப்படியே நின்றது. நிற்பது போலத்தான் தெரிந்தது. அதற்குள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

மெல்லச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள்.

கீழே அவள் புருஷன். சாக்கடையின் இரண்டு பக்கமும் காலை அகட்டி, தோள் துண்டை இரு கையாலும் விரித்து, சங்கிலியை வாங்கிக்கொண்டிருந்தான். கண் துண்டில் இல்லை. மேலே, அந்த வளைவில் இருந்தது. வாய் திறந்திருந்தது.

பத்து நாளாக இருவருக்கும் பேச்சில்லை. அவன் படுக்கை கீழே பட்டறையில். சண்டையின் முதல் வார்த்தை இருவருக்குமே நினைவில்லை. கடைசி வார்த்தை அவனுடையது. நீ இல்லாட்டியும் பட்டறை ஓடும் என்றான். கையிலிருக்கும் சங்கிலியை முடித்துவிட்டு ராசிபுரத்துக்கு, பிறந்த வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

இதுதான் அந்தச் சங்கிலி. சாயங்காலம் அண்ணன் கூட்டிப்போக வருகிறார்.

கை நீட்டினால் நின்றுவிடும். அவள் நீட்டவில்லை.

நிறுத்து என்று அவனும் சொல்லவில்லை.

போசியின் அடி தெரிந்தது. வால் ஒருமுறை துள்ளி, சுவரைத் தாண்டிப் போயிற்று.

வளைவு இருந்த இடத்தில் வெறும் வெயில்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். பத்து நாளில் முதல் முறை.

துண்டை மூட்டையாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான். மூச்சு வாங்கியது. போசியைப் பார்த்தான். காற்றைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தான்.

“பூரா சிக்கு,” என்றான். “எடுக்க ரெண்டு நாளாவது ஆவும்.”

அவள் குனிந்து பார்த்தாள். சுருள்மேல் சுருளாக, போசியில் இருந்தது போலவே கிடந்தது. ஒரு சிக்குகூட இல்லை.

நுனியை எடுத்து இழுத்துப் பார்த்தாள். தடையில்லாமல் கையோடு வந்தது.

“மூணு நாளாவுமுங்க,” என்றாள்.