நாலு படம்

“இதுவரைக்கும் மொத்தம் எத்தனை எக்ஸ்ரே எடுத்திருக்கு?”

டாக்டர் ரகிமா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

கனிஷாய் பதில் சொல்வதற்குள் அவள் கணவன் ஜமிர்பெக் முந்திக்கொண்டான். சொந்த ஊர் நரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக் வரை ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிவந்த களைப்பிலும் அவனுக்குப் பேச்சு குறையவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மெஷினை ஓட்டுவதே இவள்தான், மற்றவர்கள் பாதி நாள் வரிசையில் நிற்பார்கள், தன் மகளுக்கு மட்டும் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றான்.

பெத்த மனம் பித்து. அவனுடையதில் பெருமையும் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்த ரத்தத்தின் முடிவு மேசையில் கிடந்தது. ஏழு வயது மகள் ஐபெரி ஏன் நடக்கும்போது தள்ளாடுகிறாள், ஏன் அவள் கண்ணின் வெள்ளையில் சிவப்பு நரம்பு ஓடுகிறது, ஏன் வருடத்துக்கு மூன்று முறை நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிடுகிறாள் என்பதற்கெல்லாம் அதில் ஒரே பதில்தான் இருந்தது.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். எல்லார் உடம்பிலும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்ற இழை இருக்கிறது. அது தினமும் எங்காவது அறும். அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஒட்டுகிற ஆட்களைக் கூப்பிட ஒரு காவல்காரன் உண்டு. ஐபெரிக்குப் பிறவியிலேயே அந்தக் காவல்காரன் இல்லை.

கிருமியோடு சண்டை போடும் படையை உருவாக்கவும் உடம்பு அந்த இழையைத் தானே வெட்டி, வேறு விதமாக ஒட்டியாக வேண்டும். ஐபெரிக்கு வெட்டுவது நடக்கிறது, ஒட்டுவது சரியாக நடப்பதில்லை. அதனால் படை பாதிதான் தேறுகிறது.

இதற்கு மருந்து இருக்கிறதா என்று ஜமிர்பெக் கேட்டான். இல்லை என்றார் டாக்டர்.

எக்ஸ்ரேயும் இழையை வெட்டும். மற்ற பிள்ளைகளுக்கு அது கொசுக்கடி, இவளுக்கு அப்படி இல்லை. தாடைக்குக் கீழே, ஊரில் பிள்ளைகள் தின்னும் காய்ந்த தயிர் உருண்டை அளவுக்கு வந்திருக்கும் புற்றுக்கட்டி எதனால் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் கொடுக்கப்போகும் மருந்தும் இழையை வெட்டுகிற மருந்துதான். கொஞ்சம் கூடினாலும் பிள்ளை தாங்காது. ஏற்கனவே பட்டதையும் கணக்கில் சேர்த்துத்தான் அளவு வைக்க வேண்டும்.

“அதனாலதான் கேக்கறேன். ஒண்ணு விடாம சொல்லுங்க.”

கனிஷாய் பையிலிருந்து ஐபெரியின் மருத்துவ நோட்டை எடுத்தாள்.

அவளுடைய தம்பி எர்மெக் பத்தொன்பது வயதில் காசநோயில் போனான். இரண்டு மாதம் முன்னால் ஒரு எக்ஸ்ரே படம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் இந்த வேலைக்கே படித்தாள். வீட்டில் யாராவது இருமினால் மற்றவர்களுக்குச் சூடான தேநீர் ஞாபகம் வரும், அவளுக்கு மெஷின்தான் ஞாபகம் வரும்.

நோட்டைப் பிரித்தாள். பதிவு எல்லாம் அவளுடைய கையெழுத்துதான்.

“நாலு” என்றாள்.

பொய் இல்லை. நோட்டில் நாலுதான் இருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று எடுத்த படத்துக்குத்தான் பதிவு. வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் பின்வாசல் வழியாக வருவார்கள், அதை யாரும் எழுதுவதில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டார். நாலு என்றால் பரவாயில்லை என்றபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஜமிர்பெக் மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

அந்தக் கை பட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் வண்டியை எடுக்கப் போகட்டும், தனியாக வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர், அம்மாவை ஒட்டி நின்றிருந்த ஐபெரியைப் பக்கத்தில் இழுத்துச் சட்டையைக் கழற்றினார். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார்.

ஐபெரி அவரிடமிருந்து விலகினாள்.

சுவரோரம் இருந்த இரும்பு பீரோவை நோக்கித் தள்ளாடிப் போனாள். வெற்று நெஞ்சை அதன் கதவோடு ஒட்டி அழுத்தினாள். மோவாயைத் தூக்கினாள். புறங்கைகளை இடுப்பில் வைத்து, முழங்கைகளை முன்னால் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, மூச்சை விடலாம் என்றார்.

ஐபெரி விடவில்லை. கடைக்கண்ணால் அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துகொண்டே வந்தது. முழங்கால்கள் நடுங்கின.

ஜமிர்பெக் ஒன்றும் புரியாமல் சிரித்தான். டாக்டர் திரும்பிக் கனிஷாயைப் பார்த்தார்.

“விடலாம், கண்ணு” என்றாள் கனிஷாய்.

ஐபெரி புஸ்ஸென்று மூச்சை விட்டாள். நெஞ்சில் பீரோவின் குளிர் பட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“இந்தத் தடவை நான் ஆடலதானே அம்மா? மறுபடி மறுபடி படம் எடுக்க வேண்டாம்ல?”