ஓட்டையில்லாத புத்தகம்

“ஒரே வம்சத்துல பொண்ணு எடுக்கிறவன் மனுஷனாடா? நாய்கூடச் செய்யாது!”

யூன் தால்சு கத்தினார். எதிரே மகன் ஜேஹ்யோக் மண்டியிட்டிருந்தான்.

அவன் காதலி மியோங்-ஓக்கும் யூன்தான். அதே பூர்வீக ஊர் யூன். ஒரே வம்சத்துக்குள் கல்யாணம் செல்லாது என்று, பதிவு அலுவலகத்தில் காலையில்தான் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கொரியாவில் அப்போது சட்டமே அப்படி.

“அவளுக்கு நாலு மாசம்ப்பா. பதியலைன்னா குழந்தைக்கு அப்பன் பேர் இல்ல. ரெண்டு குடும்பமும் வேற வேற ரத்தம்னு கோர்ட்டுல நிரூபிச்சா விடுவாங்களாம். நம்ம பக்கம் எங்கேயாவது...”

“என்னடா எங்கேயாவது?” தால்சு வம்சப் புத்தகத்தை விரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். “பத்தொன்பது தலைமுறை! நடுவுல ஒரு ஓட்டை காட்டு பார்ப்போம். அவ உனக்குத் தங்கச்சி முறை. தலைமுழுகு!”

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான் ஜேஹ்யோக். அவள் நிமிரவே இல்லை.

அவன் எழுந்து போனான். பூசான் பஸ் ஏறியவன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

“சந்தோஷமா?” என்றாள் அம்மா.

“வம்ச மானம் பெருசுடி.”

“யார் வம்சம்? உங்க தாத்தா, அந்தப் பொண்ணோட கொள்ளுத்தாத்தாவுக்குப் பல்லக்குத் தூக்கினவர். அடிமைங்களை விடுதலை பண்ணினப்புறம் பேர் எழுத வந்தாங்க. பேரே இல்லாத மனுஷன், எஜமானோட வம்சப் பேரையே தன் பேரா சொன்னாரு. புத்தகத்துல அப்புறம் ஒட்டிக்கிட்டதுதானே? உங்கம்மா சாகும்போது நம்ம ரெண்டு பேர்கிட்டேயும் சொன்னாங்களே!”

“மெல்லப் பேசு!” தால்சு பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“இதை மட்டும் கோர்ட்டுல சொல்லுங்க. அந்தக் குழந்தைக்கு அப்பன் கிடைப்பான்.”

“நாளைக்கு முன்னோர் பூஜையில வம்சத்து சார்பா முதல் கோப்பை மது ஊத்தப்போறவன் நான். பல்லக்குத் தூக்கியோட பேரன்னு தெரிஞ்சா, கும்பிடற வரிசையிலயாவது நிக்க விடுவானுங்களா?”

மறுநாள் முதல் கோப்பையை அவரே ஊற்றினார். நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார். ஊரே மெச்சியது.

ஐந்து மாதம் கழித்து மியோங்-ஓக்குக்கு ஆண் குழந்தை பிறந்தது. அப்பன் பெயரைப் பதிய முடியாததால், தாயின் வம்சப் பெயரே குழந்தைக்கு வந்தது. யூன்.

தால்சுவின் பரம்பரையில் நிஜமான யூன் ரத்தம் ஓடும் முதல் ஆள் அவன்தான். புத்தகத்தில் இல்லாததும் அவன் ஒருவன்தான்.