நீல வால்வு

டிக் போடத்தான் கோமதி டைரியைத் திறந்தாள்.

பேனா மூடியைப் பல்லால் கழற்றியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ரிட்டயரான அன்று அவள் வீட்டுக்காரர் எழுதியது. 'சாவதற்குள்' என்று தலைப்பு. கீழே ஏழு ஆசைகள். விமானத்தில் ஏற வேண்டும். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து இரண்டு மணி நேரம். அறுபது வயது வரை அதைக்கூடப் பார்க்காத மனுஷன்.

வேலையற்ற வேலை என்று அன்று சிரித்தாள். டைரி பீரோவுக்குள் போனது. ஆறு வருடத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை.

இந்த ஒரு மாதத்தில் நான்கு நடந்துவிட்டன. நான்குக்கும் சேர்த்து இன்றுதான் டிக் போட வந்தாள்.

டாக்டர், மகன் இளங்கோவை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்கு இன்னும் மூன்று மாதம்தான். அவன் அம்மாவிடம் சொன்னான். அவரிடம் இருவரும் அல்சர் என்றார்கள். ரிப்போர்ட்டை அவள் கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் ஒளித்தாள். டைரியின் அந்தப் பக்கத்தை இளங்கோ போனில் படம் பிடித்துக்கொண்டான்.

எல்லாம் அவசர அவசரமாக நடந்தன.

விமானத்தில் ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் வெளியே பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நேற்று கன்னியாகுமரியிலும் அப்படித்தான்.

உடம்பு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

இப்போது டைரியில் ஏழு ஆசைகளும் அடிக்கப்பட்டிருந்தன. ஸ்கேல் வைத்து, நேராக.

கீழே நடுங்கிய கையெழுத்தில் புதிதாக மூன்று.

கோமதிக்கு சிலிண்டர் புக் பண்ணச் சொல்லித்தர வேண்டும்.

கோமதிக்கு மோட்டார் போடச் சொல்லித்தர வேண்டும்.

கோமதியைத் தனியாக பஸ்ஸில் போய்வரப் பழக்க வேண்டும்.

பக்கத்தில் தேதி. விமானம் ஏறியதற்கு முதல் நாள்.

எந்தப் பாவி அவரிடம் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. ஆறு வருடம் அசையாத குடும்பம் திடீரென்று ஓடி ஓடி ஆசையை நிறைவேற்றினால் யாருக்குத்தான் புரியாது? அவளும் மகனும்தான் தண்டோரா போட்டிருக்கிறார்கள்.

பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

"கோமதி, இங்க வா. மோட்டார் எப்படிப் போடணும்னு பாத்துக்கோ."

கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனாள்.

அவர் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. இரண்டு முறை நிதானமாகச் சொன்னார். சிவப்பு வால்வைத் திறந்தால் தண்ணீர் மாடித் தொட்டிக்குப் போகும். நீல வால்வு வாழைக்கு. தொட்டி நிறைய வேண்டுமென்றால் நீலத்தை இறுக மூடிவிட வேண்டும்.

அவளுக்கு முதல் முறையே புரிந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டாள். குனிந்து, நீல வால்வை முழுக்கத் திறந்துவிட்டாள்.

ஓஸ் துள்ளியது. தண்ணீர் வாழை மூட்டில் பாய்ந்தது.

"எம் மண்டையில ஏறலைங்க. நாளைக்கு இன்னொரு தடவ சொல்லித் தாங்க."

அவர் வால்வைப் பார்த்தார். பிறகு அவளை.

பாத்தி நிறைந்து தண்ணீர் வழிந்து, இருவர் காலையும் நனைத்தது.

"நாளைக்கும் சொல்லித் தாரேன்," என்றார்.

வால்வை மூட இருவருமே குனியவில்லை.